தேங்காய் நார் பிட்ச்சும் ரெண்டு பல்லும்

இந்தக் காலத்துப் பையன்களிடம் 'மேட்' என்று சொன்னால், ஏதோ யோகா கிளாஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன், "சார், நீங்க மேட்ல கிரிக்கெட் ஆடினீங்களாமே... சுருட்டிக்காதா?" என்று கேட்டான். சுருட்டும் தம்பி, சுருட்டும். ஆனால் மேட் சுருளாது. ஆடுகிறவனைச் சுருட்டும்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காய் நாரில் நெய்த தடித்த பாய். பிட்ச் நீளத்துக்குச் செம்மண்ணைக் கெட்டித்து, ரோலர் ஓட்டி, அதன்மேல் இந்தப் பாயை விரித்து, சுற்றிலும் முழ நீள இரும்பு ஆணிகளைச் சம்மட்டியால் அடித்து இழுத்துக் கட்டுவார்கள். நன்றாக இழுத்துக் கட்டினால் பந்து காதுக்கு மேலே எழும்பும். கொஞ்சம் தளர்த்திவிட்டால் நாரைக் கவ்விக்கொண்டு பாம்பு மாதிரி திரும்பும். ஆக, உள்ளூர் டீமிடம் வேகப்பந்து வீச்சாளர் இருந்தால் மேட் விறைப்பாக இருக்கும். ஸ்பின்னர் இருந்தால் மேட்டுக்குக் கொஞ்சம் சோம்பல் வந்துவிடும். இதெல்லாம் ரூல் புத்தகத்தில் வராது.

'மேட்டுல ஆடறேன்' என்று முதன்முதலில் வீட்டில் சொன்னபோது எங்கம்மா, "ஏங்கண்ணு மேட்டுல ஏறி ஆடறே? பள்ளத்துல உளுந்து தொலையறதுக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சிரித்தேன். அம்மாக்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நான் சொல்லப்போகும் மேட்ச் 1991 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 19 வயதுக்கு உட்பட்டோருக்கான மாவட்டப் போட்டி. கோவை மாவட்டம் - பெரியார் மாவட்டம். இன்றைய ஈரோடுதான் அப்போது பெரியார் மாவட்டம். 1996-ல்தான் ஈரோடு என்று பெயர் மாறியது. அதற்கும் முன்னால், 1979 வரைக்கும் அவர்களும் எங்கள் கோவை மாவட்டம்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி பிரிந்து போனவர்கள். (பின்னால் 2009-ல் ரெண்டு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நிலத்தை வாங்கிக்கொண்டு திருப்பூரும் தனிக்குடித்தனம் போய்விட்டது.)

அதனால் இது வெறும் மேட்ச் அல்ல, ஒறம்பரை வீட்டுச் சண்டை. எங்கள் ஓப்பனிங் பேட்ஸ்மேனுக்கு அவர்கள் பாயின்ட் ஃபீல்டர் சொந்த அத்தை பையன். "மாப்ளே, அவுட்டாகிட்டு சீக்கிரம் வா. அம்மா உனக்குன்னு சந்தகை புழிஞ்சு வெச்சிருக்கு" என்று பக்கத்தில் நின்றுகொண்டு ஓதினான். ஆஸ்திரேலியாக்காரர்கள் ஸ்லெட்ஜிங்கைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுகிறார்களே... போய்ச் சேர்ந்த இடத்தில் சாப்பாட்டைக் காட்டிக் கவிழ்ப்பதற்குக் கொங்கு நாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விடியற்காலை ரயிலில் போனோம். பதினோரு பேருக்கு ரெண்டு கிட் பேக், மூணு பேட், ஒரே ஒரு ஹெல்மெட். அந்த ஹெல்மெட் கோயில் பரிவட்டம் மாதிரி. அவுட்டாகி வருகிறவர் கழற்றி அடுத்தவர் தலையில் கட்டுவார். இதுபோக, ரெண்டு கேன் சிறுவாணித் தண்ணீர். ஈரோட்டில் காவிரியே ஓடுகிறது. அந்த ஊருக்குக் கேனில் தண்ணீர் கொண்டுபோன கோவைக்காரர்களின் திமிரை என்னவென்று சொல்ல!

சிரிப்புக்கு நடுவே ஒரு விஷயம் மட்டும் எல்லார் வயிற்றிலும் கல் மாதிரி இருந்தது. மாவட்டங்களின் கூட்டு ஜூனியர் அணிக்கு ஆள் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். மறு வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். அப்பா வேலை பார்த்த மில்லில் அப்போது வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. சம்பளமும் அதே கணக்கில்தான். இன்னொரு மில் ஆபீஸில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு கிளார்க் வேலை இருந்தது. மில்களுக்கு அப்போது சொந்தமாக கிரிக்கெட் டீம் இருந்தது. ஆனால் மாவட்டத்துக்கு மேலே ஏதாவது ஒரு சர்ட்டிபிகேட் காட்ட வேண்டும். "ஒரு பேப்பர் போதும் தம்பி, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்று அப்பாவின் சிநேகிதர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேப்பருக்காகத்தான் நான் ரயில் ஏறினேன். இந்திய அணிக்கு ஆடும் கனவெல்லாம் ப்ளஸ் டூ ரிசல்ட்டோடு போய்விட்டது.

மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துடையது. ஒரு முனையில் பெரிய வேப்பமரம். இன்னொரு முனையில் ஸ்டம்ப்புக்குப் பின்னால் ஆறு ஏழு எட்டு வைத்தால் பள்ளிக்கூடத்துச் சுவர். அதனால் வேகப்பந்து வீசுகிறவர் வேப்பமர முனையிலிருந்துதான் ஓடிவர முடியும். சுவர் முனை ஸ்பின்னர்களுக்கு. இது போதாதென்று, சுவர் முனைப் பக்கம், சரியாக 'குட் லென்த்' விழுகிற இடத்தில், மேட் கிழிந்து ஒரு துண்டு வைத்துச் சணல் கயிற்றால் தைத்திருந்தார்கள். பேன்ட் முழங்காலில் ஒட்டுப் போட்ட மாதிரி. காலையில் தையல் கெட்டியாகத்தான் இருந்தது. எங்கள் கேப்டன் குனிந்து, விரலால் இழுத்துப் பார்த்து, "பரவால்லைங்க" என்றான்.

அவர்கள் முதலில் ஆடி 83-க்கு ஆல் அவுட். எங்கள் ஆஃப் ஸ்பின்னர் அஞ்சு விக்கெட் எடுத்தான். அவன் போட்ட ஒரு பந்து ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே குத்தி லெக் ஸ்லிப் கைக்குப் போனது. அவனே பயந்துவிட்டான். 84 அடித்தால் ஜெயம், ஐம்பது ஓவர் இருக்கிறது என்ற தெம்பில் தக்காளி சாதமும் தயிர் சாதமும் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டோம்.

மத்தியானம் அந்த இடதுகைக்காரன் வந்தான்.

ஒல்லியான உருவம். காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ (மேட்டில் ஆணி வைத்த ஷூ போடக்கூடாது). அதில் ஒன்றின் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பையன், வாரம் முழுக்க அவனும் தறியில் நிற்பவன் என்று அத்தை பையன் மூலம் தகவல் வந்தது. பெரிய வேகமில்லை. ஆனால் விரலை அப்படிச் சீவி விடுவான். பந்து மேட்டில் பட்டதும் ஒரு கணம் நின்று, யோசித்து, பிறகு வேறு பக்கம் போகும். 11-க்கு மூணு. 19-க்கு நாலு. நான் பரிவட்டம் கட்டிக்கொண்டு இறங்கினேன். 29-க்கு அஞ்சு. அஞ்சும் அவனுக்கே!

அப்புறம் எங்கள் விக்கெட் கீப்பர் வந்தான். அவன் தலைக்கு அந்த ஹெல்மெட் நுழையாது. "எந்தலைக்குப் பானைதான் மாப்ள கவுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், மட்டையை வீச ஆரம்பித்தான். ரெண்டு பேருமாக 52 வரைக்கும் இழுத்துவிட்டோம். நான் இடதுகைக்காரனைத் தடுப்பது, ஸ்பின்னர் வந்தால் அடிப்பது. நான் செய்த புத்திசாலித்தனமெல்லாம் இவ்வளவுதான்.

ஏழாவது ஓவரின் கடைசிப் பந்து. அதற்கு ரெண்டு பந்து முன்னால்தான் சென்னைப் பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடதுகைக்காரன் அவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பந்து அந்த ஒட்டுத்துணியின் ஓரத்தில் குத்தியது. தையல் விட்டு நார் தூக்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு வர வேண்டிய பந்து, குதித்து நேரே கீப்பரின் வாயில் அடித்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. தேங்காய் உடைக்கிற சத்தமும் இல்லை, மட்டையில் படுகிற சத்தமும் இல்லை. அவன் உட்கார்ந்தான். மேட்டில் சிவப்பாகச் சொட்டியது. நார் அதை உடனே குடித்துவிட்டது.

முன்பல் ரெண்டும் இல்லை.

அடுத்த பத்து நிமிஷம் நடந்ததை எந்த ஸ்கோர் புத்தகத்திலும் பார்க்க முடியாது. இருபது பையன்களும் ரெண்டு அம்பயர்களும் மேட்டில் மண்டி போட்டுப் பல்லைத் தேடினோம். பல் கிடைத்தால் மறுபடி வைத்துவிடலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடைசியில் கண்டுபிடித்தது இடதுகைக்காரன்தான். நாருக்குள் விரலை விட்டு நோண்டி ரெண்டையும் எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அவன் கை தறிச் சட்டம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கீப்பரை மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். (பல் ஒட்டவில்லை. பொட்டலம் ரொம்ப நாள் அவன் பர்ஸில் இருந்தது.)

ஒட்டுத்துணியைச் சுற்றிப் புதிதாக ஆணி அடித்துப் பார்த்தார்கள். கீழே செம்மண் மாவாகிப் போயிருந்தது. ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி அதே மாதிரி வெளியே வந்தது. "ஆடறதுன்னா ஆடுங்க, இல்லேன்னா ரெண்டு டீமுக்கும் பாதிப் பாதிப் பாயின்ட்" என்றார் பெரிய அம்பயர். பாதிப் பாயின்ட்டில் ரெண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போக முடியாது. எங்களுக்கு இன்னும் 32 ரன் வேண்டும். அடுத்து இறங்க வேண்டியவன் பதினைந்து வயசுப் பையன். பேட் கட்டிக்கொண்டு பவுண்டரி ஓரத்தில் நின்றவனின் முகத்தை, வேண்டாம், விடுங்கள்.

இடதுகைக்காரனுக்கு இன்னும் மூணு ஓவர் பாக்கி. பதினெட்டுப் பந்து. அவன் நிஜமாகவே குறிபார்த்து அந்த இடத்தில் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. சும்மா ஓடிவந்தாலே போதும், எங்கள் பையன்கள் ஸ்கொயர் லெக் பக்கம் ஓடியிருப்பார்கள். பெரியவர் வேறு உட்கார்ந்திருக்கிறார்.

பெரியார் மாவட்டக் கேப்டன் மேட் அருகே வந்து நின்றான். மஞ்சள் மண்டிக்காரர் மகன். செருப்பைத் தட்டுகிற மாதிரி அந்த ஒட்டை ரெண்டு தரம் காலால் தட்டினான். பிறகு இடதுகைக்காரனிடம் போய் மெதுவாக, "போதும்டா. நீ போட வேண்டாம்" என்றான்.

"இன்னும் மூணு ஓவர் இருக்குதுடா!"

"இருக்கட்டும்."

"அந்தப் பெரியவரு இப்பத்தான்டா வந்தாரு!"

கேப்டன் பதில் சொல்லவில்லை. பந்தை வாங்கி லெக் ஸ்பின்னரிடம் கொடுத்துவிட்டான். சுவர் முனையிலிருந்து இடதுகைக்காரன் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவனும் கேட்டான். ஆறு எட்டு ஓட்டத்தில் போட்டுப் பார்த்தான், பயிற்சிக்கு ரெண்டு பந்து. ரெண்டும் ஃபுல் டாஸாகப் போனது. பிறகு தானாகவே லாங் ஆனுக்குப் போய் நின்றுகொண்டான்.

ரெண்டு பக்கமும் ஸ்பின். 61-ல் ஒன்று, 77-ல் ஒன்று போனது. கடைசி ரன் லெக் பை. என் தொடையில் பட்டு ஓடியது. 84-க்கு 7. ஏழு விக்கெட், ரெண்டு பல். நான் 34 நாட் அவுட்.

அவர்கள் மேனேஜர் கேப்டனை எல்லார் முன்னாலும் திட்டின திட்டு இருக்கிறதே... கையில் இருந்த மேட்சைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் என்றார். அது உண்மைதான். கேப்டன் ஆணிகளைப் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

பெரியவர் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இடதுகைக்காரனைப் பற்றி யாரோ எடுத்துச் சொன்னார்கள். 'மேட்ல கட்டர் போடறவன் டர்ஃப்ல என்ன பண்ணுவான்?' என்பதுதான் பதில்.

நல்ல கேள்வி. பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் 1952-ல் லக்னோவில் சணல் மேட்டில் நம்மவர்களைச் சுருட்டி 12 விக்கெட் எடுத்தார். பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் வெற்றி அது. 1956-ல் கராச்சி மேட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 13. முதல் நாள் முழுக்க ரெண்டு அணியும் சேர்ந்து அடித்ததே 95 ரன்! (1959-ல் அதே கராச்சியில் மேட்டில் நடந்த டெஸ்ட்டைப் பார்க்க அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பாகிஸ்தான் அடித்தது 104 ரன். அமெரிக்காவில் கிரிக்கெட் வளராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.) சரி, டர்ஃபில் ஃபசல் என்ன செய்தார்? 1954-ல் லண்டன் ஓவல் மைதானத்தில், மேட்டே இல்லாத தரையில், இங்கிலாந்துக்கு எதிராகவும் 12 எடுத்து ஜெயித்துக் கொடுத்தார். வேப்பமரத்தடியில் இதைச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

எனக்குச் சென்னையில் ஒரு வாரம் கேம்ப். டர்ஃபில் பந்து முழங்காலுக்கு மேலே வரவே இல்லை. நான் காதைப் பாதுகாத்துக்கொண்டு கீழே எல்.பி.டபிள்யூ. ஆனேன். மூணாவது நாளே என் சங்கதி முடிந்தது. ஆனால் சர்ட்டிபிகேட் கிடைத்தது. மில் ஆபீஸ் வேலையும் கிடைத்தது. அந்த மில்லும் பிற்பாடு மூடிவிட்டது என்பது வேறு கதை. இப்போது ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அன்றைய 34 ரன்னில்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னால், "மிச்சம் பாதி என் ட்யூஷன் காசுல கொதிக்குது" என்பாள்.

வருஷங்கள் போயின. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் என்று ஒரு இடதுகைக்காரர், டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரு நாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆட ஆரம்பித்தார். ஒரே டூரில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். ஆபீஸே கொண்டாடியது. நானும் லட்டு சாப்பிட்டேன். ஓட்டை ஷூ ஒன்று ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

2022 செப்டம்பரில் துலீப் டிராபி ஃபைனல் எங்கள் கோவையிலேயே, எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தது. மேற்கு மண்டலம் - தெற்கு மண்டலம். அருமையான டர்ஃப். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. போயிருந்தேன். ரெண்டாவது இன்னிங்ஸில் 265 அடித்த பையன் ஜெய்ஸ்வால், தெற்கு மண்டல பேட்ஸ்மேனை ஓயாமல் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அம்பயர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேப்டன் ரஹானே வந்து பேசினார். பிறகு, 'வெளியே போ' என்று சொந்த டீம் பையனையே மைதானத்தை விட்டு அனுப்பிவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தான்.

"என்னை மாதிரியே அனுப்பிட்டாங்க பாருங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். தலையில் பாதி நரை, கொஞ்சம் தொந்தி. ஆனால் இடது கையால் டீ கப்பைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. "ஏனுங்... பரிவட்டம் கட்டிட்டு நின்னவருங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெய்ஸ்வால் சில ஓவர்களில் திரும்பி ஃபீல்டுக்கு வந்துவிட்டான். மேற்கு 294 ரன்னில் ஜெயித்தது. நாங்கள் ரெண்டு பேரும் மேட்ச்சை அவ்வளவாகப் பார்க்கவில்லை. கீப்பர் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். ஹார்டுவேர் கடை, கட்டின பல், பேரன் பிறந்திருக்கிறான் என்றேன்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"சாக்கு விக்கிறேனுங்க. மஞ்சள் மண்டிகளுக்கு. சாக்குச் சொல்றதில்லை, விக்கிறதோட சரி!" என்று அவரே சிரித்தார்.

கேப்டன் மேல் கோபம் உண்டா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவரே சொன்னார். "ஏழு வருசம் அவங்கூடப் பேசலைங்க. அன்னைக்கு ராத்திரி தறியில நின்னப்பவும் பதினெட்டுப் பந்து, பதினெட்டுப் பந்துன்னே ஓடுச்சு. பொக்குன்னு போச்சு. அப்புறம் எங்கப்பாவுக்கு முடியாமப் போனப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னான். இப்ப மொத சாக்கு அவன் மண்டிக்குத்தான். ஆனா ஒண்ணுங்க... அந்த மூணு ஓவரை இன்னிக்கு வரைக்கும் அவன் எனக்குக் குடுக்கலை. அதை நான் விடலை. வருசத்துக்கு ஒருக்காவாவது கேட்டுருவேன்."

"என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணுஞ் சொல்லமாட்டான். பில்லுல அஞ்சு ரூவா சேத்திப் போட்டுக்கன்னுவான்."

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பிட்ச்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, அந்த வழவழப்பான மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு பந்துகூடப் போட்டதில்லைங்க" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. சிங்கப்பூர் போனதில்லை என்று சொல்வோமே, அது மாதிரி.

வெளியே வரும்போது, "அந்த மேட் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அதா? அடுத்த வருசம் புது மேட் வந்துச்சு. பழசைக் கேப்டன் அவங்க தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டானுங்க, மஞ்சக் காயப் போட. நல்லா ஒழைச்சுது. ஒரு ஆறேழு வருசம்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டே திரும்பி, "ஒட்டுப் போட்ட எடத்துல மட்டும் மஞ்சள் கீழ எறங்கிருமுங்க!" என்றார்.